வடிகாலா, ஆயுதமா?

நடுவர் அவர்களே, எதிரணி பேசும்போது விசில் அடித்த அண்ணன்மார்களே, அப்போது சிரிக்காமல் உட்கார்ந்திருந்த அக்காமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வேலை இடத்தில் கெட்ட வார்த்தை: மன இறுக்கத்தின் வடிகாலா, அதிகாரத்தின் ஆயுதமா?" இதுதான் தலைப்பு. ஆயுதமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் இங்கிலாந்து வரைக்கும் போய் ஆதாரம் கொண்டுவந்தார். கீல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்களாம். கெட்ட வார்த்தை சொன்னவர்கள் அதிக நேரம் வலியைத் தாங்கினார்களாம். 2009-ல் வந்த ஆய்வு, உண்மைதான். ஆனால் அதே ஆய்வாளர் 2011-ல் சொன்னதை நண்பர் வசதியாக விட்டுவிட்டார். தினமும் வாயைத் திறந்தாலே அதுதான் வரும் என்கிற ஆட்களுக்கு அந்தப் பலன் குறைந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் நம்ம ஊர் சூப்பர்வைசர்கள் பாதிப் பேருக்கு அது வேலைக்கே ஆகாது!

சரி, அதை விடுங்கள். ஐஸ் தண்ணீரில் கை வைத்தவர் யாரைத் திட்டினார்? யாரையும் இல்லை. எதிரே இருந்தது தண்ணீர்தான். தண்ணீரைத் திட்டுங்கள், ஊசி உடைந்தால் மிஷினைத் திட்டுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துச் சொல்வதைப் பற்றித்தான் இங்கே வழக்கு.

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த பீஸ்களைச் சரிபார்க்கிற செக்கிங்கில் நான் இருந்தேன். காலையில் பையரிடமிருந்து, அதாவது ஆர்டர் கொடுத்தவரிடமிருந்து, மெயில் வரும். பையர் கெட்ட வார்த்தையே பேச மாட்டார், ரொம்ப நாகரிகமானவர். ஷிப்மென்ட் தேதியை முன்னே இழுத்து, பீஸுக்கு விலையைக் குறைத்து, கடைசியில் 'கைண்ட் ரிகார்ட்ஸ்' போடுவார். அதைப் படித்த முதலாளி புரொடக்ஷன் மேனேஜரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விடுவார். மேனேஜர் ஃப்ளோர் இன்சார்ஜிடம் இரண்டு. இன்சார்ஜ் லைன் சூப்பர்வைசரிடம், அவருடைய அம்மாவையும் அக்காவையும் சேர்த்து நாலு. சூப்பர்வைசர் எங்கே போவார்? ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் தலைக்கு மேல் வந்து நிற்பார், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பெடலை இன்னும் வேகமாக மிதிப்பார். அடுத்து வருகிற பீஸ்களில் தையல் கோணிக்கொண்டு ஓடியிருக்கும். அதெல்லாம் ஆல்டர், அதாவது பிரித்துத் திருத்த வேண்டியது, என்று எங்கள் மேசையிலிருந்து திரும்பிப் போகும். அதற்கு இன்னொரு ரவுண்டு திட்டு.

இது வடிகாலாம். மேலே இருக்கிற நாலு பேருக்கும் வடிந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஓவர்லாக் மேசையிலிருந்து எங்கே வடியும், நடுவர் அவர்களே?

"எங்க முதலாளிக்கு வாய்தான் கெட்டது, மனசு தங்கம்" என்று நண்பர் உருகினார். ஒர்க்ஷாப்பில், லாரி ஷெட்டில் எல்லாம் பாசமாகத் திட்டிக்கொள்வார்கள் என்றார். இரண்டு மெக்கானிக்குகள் மாறி மாறித் திட்டிக்கொண்டால் அது பாசம்தான், மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: வாங்கிக்கொண்டவர் திருப்பிக் கொடுக்க முடியுமா? அந்தத் தங்கமான முதலாளியிடம், ஹெல்பர் பையன் ஒரு நாள் பாசமாக "உங்கம்மா..." என்று ஆரம்பிக்கட்டும். தங்கம் எத்தனை கேரட் என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

பழக்கதோஷம், அடக்க முடியாது என்கிறார்கள். வெளியிலிருந்து ஆய்வுக்கு வருகிற ஆடிட் நாளில் வந்து பாருங்கள். அதே சூப்பர்வைசர் "வாங்கம்மா, தண்ணி குடிச்சீங்களாம்மா" என்பார். காலை ஒன்பது மணியிலிருந்து ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் அந்த நாக்கு ஒரு தடவைகூடச் சறுக்காது.

அப்புறம், திட்டினால்தான் வேலை நடக்கும் என்கிற வாதம். இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த 24 குழுக்களுக்கு ஒரு பாவனைச் சிகிச்சைப் பயிற்சி வைத்தார்கள். சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் ஒருவர் மட்டம்தட்டி ஓரிரு வாக்கியம் பேசினார். கெட்ட வார்த்தைகூட இல்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் தடுமாறின, செய்முறையிலும் தடுமாறின. ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதே குறைந்துபோனது. 2015-ல் வெளிவந்த ஆய்வு இது. டாக்டருக்கே அந்தக் கதி என்றால் டெய்லர் கை நேராக ஓடுமா?

சட்டம் என்ன சொல்கிறது? தெருவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்தால் நம்ம ஊர் எஃப்ஐஆரில் '294 பி' என்கிற பிரிவு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், ஆபாசமாகத் திட்டியதற்கு. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்தில் அது 296. தெருவில் குற்றமான அதே வார்த்தைக்கு ஷெட்டுக்குள் 'வேலை வாங்குகிற திறமை' என்று பெயர்! பாலியல் தொனியில் பேசுவதும் துன்புறுத்தல் என்கிறது, வேலை இடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேர் வேலை பார்த்தாலே புகார்க் குழு வைக்க வேண்டும். எங்கள் கம்பெனியிலும் அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள், கேன்டீனுக்குப் பின்னால். முதல் பெயருக்கு உரியவர் வேலையை விட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது.

இப்போது சிரிக்க முடியாத விஷயம். திண்டுக்கல் பக்கம் ஆடை ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் முன்னின்று நடத்துகிற தொழிற்சங்கம் விடாமல் போராடி, ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கிற திண்டுக்கல் ஒப்பந்தத்தில் 2022 ஏப்ரலில் கையெழுத்து வாங்கியது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். கை நீட்டுவதை மட்டும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை, வாயால் செய்வதையும் எடுத்தார்கள். அது வெறும் வடிகால்தான் என்று அந்தப் பெண்களிடம் போய்ச் சொல்ல எதிரணியில் யாருக்குத் தைரியம் இருக்கிறது?

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வருகிற எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கோரிக்கை. வடிகால்தான் என்று அவர் நம்பினால், இந்த மேடையில், நடுவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் காட்டட்டும். முடியவில்லை என்றால், ஏன் முடியவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்காரட்டும். நன்றி, வணக்கம்.