அம்மச்சி நல்லா உறங்குறாங்களா?

நேயர்களுக்கு வணக்கம். திருவனந்தபுரத்தில் முட்டு மாற்று ஆபரேஷன் முடித்து, களியக்காவிளை தாண்டி ஊர் திரும்புகிறவர்கள் நம் பக்கம் நிறைய. கையில் அங்கே வலிக்கு எழுதிய சீட்டு: டிரமடால், 50 மில்லிகிராம். வீட்டு அலமாரியில் மார்த்தாண்டத்து டாக்டர் என்றோ உறக்கத்துக்கு எழுதிய பழைய சீட்டு: அல்பிரசோலம். இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. இரண்டு மாத்திரையும் ஒரே ராத்திரி உள்ளே போகிறது.

ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளை நம்மை மூச்சிழுக்க உந்தும். டிரமடால், மார்ஃபின் வகை அந்த உந்துதலை மழுக்கும். உறக்க மாத்திரை விழிப்பைக் கெடுத்து, தொண்டைத் தசையையும் தளர்த்தும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல், மூச்சையே அடக்கிவிடும் இந்தச் சேர்க்கைக்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டது.

"அம்மச்சி நல்லா உறங்குறாங்க, எழுப்பாதீங்க" என்பார்கள் வீட்டில். எழுப்புங்கள். குறட்டை புதிதாக வந்திருந்தால் கட்டாயம் எழுப்புங்கள். அதற்கு முன் வயிற்றின் மேல் லேசாகக் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். இடையில் நிற்கிற மூச்சு அதில் தப்பிவிடும். பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். எழுப்பினால் பதில் சொல்லி, பேச்சின் நடுவிலேயே மறுபடி சாய்கிறாரா? அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு எட்டுக்கு வந்துவிட்டாலோ, உலுக்கியும் எழவில்லை என்றாலோ 108. மயக்கம்தான் முதலில் வரும், மூச்சு குறைவது பிறகு. ஆக்சிஜன் அளவு காட்ட விரலில் மாட்டும் கருவியை மட்டும் நம்பாதீர்கள். ஆக்சிஜன் குழாய் இருந்தால் மூச்சு குறைந்த பிறகும் அது 97 காட்டலாம்.

இன்னொன்று: உறக்க மாத்திரை வலியைக் குறைக்காது. வலிக்கிறது என்று சொல்லவிடாமல் ஆளைக் கிடத்திவிடும். அதற்காக, வருஷக்கணக்கில் அல்பிரசோலம் சாப்பிடுகிறவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் பழைய சீட்டைக் காட்டுங்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினும் சாராயமும் இதே கணக்கில் சேரும்.

நேரம் நெருங்கிவிட்டது. பாராசிட்டமாலை டாக்டர் சொன்ன மணிக்குத் தவறாமல் கொடுத்தால் டிரமடால் தேவையே குறையும். நரம்பருகே போடும் மரப்பு ஊசி பற்றிக் கேளுங்கள். கால்முட்டை மடக்கும் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பே வலி மாத்திரை. வணக்கம்.