ஈரக்காற்றும் ஐந்நூறு கவரும்

வணக்கம். பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில், ஒரு காகிதக் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். அந்த உரிமையில் சென்னைப் புழுக்கத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்ததே, நினைவிருக்கும். வெயிலைத்தான் எல்லாரும் திட்டுவோம். ஆனால் இங்கே ஆளைப் படுத்துவது பாதி நாள் வெயில் இல்லை. காற்றே தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கிறது, வியர்வை காய இடமில்லை, அதுதான். மதியம் கடல்காற்று வந்தால் சூடு தணியும், கசகசப்பு போகாது.

சரி, மனுஷன் துண்டால் துடைத்துக்கொள்வான். காகிதம்? அது ஈரத்தைக் குடிக்கும். ரீமை, அதாவது தாள் கட்டைப் பிரித்து வைத்தால் நடுவில் காற்றுப் போகாது, ஓரம் மட்டும் ஊறி அப்பளம் மாதிரி நெளியும். அப்புறம் அச்சு மெஷினில் இரண்டு தாள் சேர்ந்தே போகும், மெஷின்காரர் நம் கடைக்கு வந்து சத்தம் போடுவார்.

ஒரு ஐப்பசி, விடாத மழை. சௌகார்பேட்டையில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு 500 கவர் ஆர்டர். கொடுக்கிற அன்றைக்குக் காலையில் கட்டைப் பிரித்தால், பசை ஈரத்தில் இளகி அத்தனை கவரும் தானாகவே ஒட்டிக்கிடக்கிறது. உள்ளே பத்திரிகையே போடவில்லை, பாருங்கள்! முதலாளி குஜராத்திக்காரர், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கடை பைண்டிங் பாய்தான், "ஈரத்துல ஒட்டுனது ஈரத்துலயே விடும் சேட்டு, ஆவி காட்டுங்க" என்றார். தெருமுனை டீக்கடை மலையாளியின் கெட்டிலைச் சுற்றி நாங்கள் ஆறு பேர், ஆளுக்கொரு கவராக ஆவியில் பிடித்து மடிப்பைப் பிரித்தோம். முதலாளி குஜராத்தியில் புலம்ப, பாய் உருதுவில் அதட்ட, டீக்காரர் எல்லாரையும் பொதுவாகத் தமிழில் திட்டினார், வியாபாரம் கெடுகிறதாம். சாயங்காலம் பெண்ணின் அப்பா வந்து ஒரு கவரைத் தடவிப் பார்த்தார், மேடு பள்ளமாக இருந்தது. "டிசைனா?" என்றார். முதலாளி ஆமாம் என்று தலையாட்டினார். டிசைனுக்கென்று தனியாகப் பணம் வாங்கவில்லை, கணக்கு எழுதியவன் சொல்கிறேன்.

அன்று ராத்திரி எல்லாருமாகப் பர்மா பஜார் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டோம். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைகோஸ், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம் போட்டு கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். அந்தப் புழுக்கத்தில் சூப்பா என்று கேட்பீர்கள். குடித்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஆர்மீனியன் தெருவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிஷம்தானாம். 1772இல் கட்டிய சர்ச் அங்கே இருக்கிறது, மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். ஆர்மீனியன் என்பது நம் வாயில் நுழையாமல் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது, அரண்மனை எதுவும் அங்கே கிடையாது. அந்தப் பக்கம் போனால் உள்ளே போய் மரநிழலில் கொஞ்சம் உட்காருங்கள். கைக்குட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.