காதுக்குள் ஒரு குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

போன கோடை விடுமுறையில் மதுரையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் அண்ணன் மகன், வயது பதினொன்று, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, டி.வி.யில் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் பெட்டியில் மூழ்கியிருந்தான். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். விளையாட்டுக்கு நடுவே, "ஆறாவது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, அம்மா ஏழு மணிக்குத்தான் வருவாங்க."

எனக்குப் பதில் மட்டும்தான் கேட்டது. கேள்வி அவன் காதுக்குள் இருந்தது.

"யாருடா அது?" என்றேன். "ஃபிரண்டு, அத்தை." பெயர் கேட்டால் ஒரு பட்டப்பெயரும் நாலு எண்களும் சொன்னான்.

கேம் என்றாலே துப்பாக்கியும் ரத்தமும்தான் நமக்குக் கவலை. அதற்கு அட்டையில் 12, 16, 18 என்று வயது போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த எண் ஆட்டத்துக்குத்தான். இணையம் வழியாகக் கூட விளையாடுகிறவர் என்ன பேசுவார் என்பதற்கு அல்ல. 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' என்ற கேமை நடத்தும் நிறுவனம் அமெரிக்க அரசு அமைப்பிடம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டதே, அதில் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு இதுதான்: சிறுவர்களுக்கும் பேச்சு வசதி தானாகவே திறந்து கிடந்தது.

சரி, அன்று சாயங்காலம் நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். முதலில் தெரிந்தது, பையன் விளையாடியது அப்பாவின் கணக்கில். பெட்டியைப் பொறுத்தவரை அங்கே உட்கார்ந்திருப்பது நாற்பது வயது ஆள்; எந்தத் தடையும் இருக்காது. அவனுக்கென்று உண்மையான பிறந்த தேதியோடு சிறுவர் கணக்கு தொடங்கி, அப்பாவின் கணக்கோடு குடும்பமாக இணைத்தோம். எக்ஸ்பாக்ஸிலும் நின்டென்டோவிலும் இதே மாதிரி வசதி உண்டு. பெற்றோர் போனிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பேச்சை முழுக்கப் பூட்டினோம். அவன் கெஞ்சியதால் ஒரே ஒரு ஆட்டத்துக்குத் திறந்தோம், அதிலும் நண்பர்களோடு மட்டும். செலவு வரம்பைப் பூஜ்யமாக்கினோம்.

இன்னொன்று. ஹெட்செட்டைப் பிடுங்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 5-இல் கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரிலேயே மைக் இருக்கிறது. நடுவில் உள்ள சின்னப் பட்டனை அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு எரியும்; எரிந்தால்தான் மைக் அணைந்திருக்கிறது.

அப்புறம், அந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டு ரகசிய எண் கடையிலிருந்து வரும்போது 0000. அதை மாற்றி, புதுக் கணக்கு தொடங்குவதைத் தடுக்காவிட்டால், பையன் இரண்டே நிமிடத்தில் இன்னொரு கணக்கில் 'பெரியவன்' ஆகிவிடுவான்.

யாராவது படம் கேட்டாலோ மிரட்டினாலோ அழிக்காமல் திரையைப் படம் எடுத்து வையுங்கள், ஆளைத் தடை செய்யுங்கள். 1098 குழந்தைகளுக்கான எண், பண மோசடிக்கு 1930. ஆனால் பிள்ளை உங்களிடம் சொன்னால்தானே இதெல்லாம்? "சொன்னா கேமைப் பிடுங்கிடுவாங்க" என்ற பயம்தான் அவன் வாயைக் கட்டுகிறது. அதனால் பிடுங்க மாட்டோம் என்று அண்ணனை அவன் முன்னாலேயே சொல்ல வைத்தேன்.

மறுநாள் காலையில் டி.வி. முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ரகசிய எண்ணுக்குத் தன் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்திருக்கிறான். அப்புறம் என் பிறந்த நாளையும்.