ஆர்மோனியம் கோயில் சாமானாம், சேர்ச்சுக்கு ஆகாதாம்!

வணக்கம் மக்களே, எல்லாரும் சுகமா இருக்கீங்களா? நண்டுக் கறி வீடியோதான் இண்டைக்கு வாறதெண்டு சொல்லியிருந்தன், அது வெள்ளிக்கிழமை கட்டாயம் வரும். இண்டைக்கு வேற கதை. ஒண்டு பெரிய சந்தோசம், மற்றது பெரிய கோவம். சந்தோசத்த முதல்ல சொல்லிர்ரன்: எங்கட சேர்ச் ஆர்மோனியம் திரும்பப் பாடுது!

நத்தார் வீடியோ பாத்த ஆக்களுக்குத் தெரியும், கொயர் பாடிக்கிட்டு இருக்கக்குள்ள ஒரு கட்டை அமந்து போய் மேல வராம ஒரே சுருதிய இழுத்துக்கிட்டே நிண்டிச்சே, அதேதான். மட்டக்களப்பு டவுணுக்குள்ள ஒரு கடையில கொண்டுபோய்க் காட்டினம், கடை பேரு வேணாம், திறந்துகூடப் பாக்கல்ல, "ரீட் முழுக்க மாத்தணும், 35,000 வரும்" எண்டாங்க. ரீட் எண்டா உள்ள அதிர்ந்து சத்தம் குடுக்கிற பித்தளைத் தகடு. 35,000! பாக்காமலே!

மறுகா ஆரையம்பதியில ஒரு ஐயா இருக்கார் எண்டு கேள்விப்பட்டுப் போனம். கோயில் பஜனைக்கு வாசிக்கிற ஆள். பாயில வச்சு மூடியக் கழட்டினார், உள்ள பித்தளை ரீட் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு, வாவிப் பக்கத்து உப்புக் காத்துக்கு வேற என்ன நடக்கும். ஒரு மெல்லிய கடதாசித் துண்ட எடுத்து, அந்த ரீட்டுட நாக்குக்குக் கீழால மெதுவா விட்டு இழுத்தார் பாருங்க, பொட்டளவு களிம்பு வந்து விழுந்திச்சு. துருத்திய அமத்தினார். சத்தம் வந்திட்டு! "ரீட்ல பிழை ஒண்டுமில்ல புள்ள, ஊத்தைதான். கட்டைக்குக் கீழ இருக்கிற தோலத்தான் பூச்சி திண்டிருக்கு" எண்டு சொல்லி, தோலும் மாத்தி, இளகிப்போன ஸ்பிரிங்கும் இறுக்கி, எல்லாத்துக்கும் எடுத்தது 6,500. ஓட்டோக் காசு புறம்பா. அந்த மனுசன் தேத்தண்ணி குடுக்காம எங்கள அனுப்பவுமில்ல.

இப்ப கோவத்துக்கு வாறன்.

ஆர்மோனியம் வந்த கிழமையே எங்கட வாலிபர் கூட்டத்துக்கு வெளியில இருந்து ஒரு வேர்ஷிப் டீம், ஆராதனைப் பாட்டுப் பாடுற குழு, வந்தாங்க. நல்லாப் பாடினாங்க, அத நான் மறைக்கல்ல. பாடி முடிஞ்சு அதுல ஒராள் மைக்கப் புடிச்சு, ஆர்மோனியம் தபேலா எல்லாம் கோயில் சாமான், கீர்த்தனை ராகம் எல்லாம் சைவ ஆக்கள்ட, இதுகள வச்சிருந்தா உங்கட கிறிஸ்தவ அடையாளமே இல்லாமப் போயிரும், விட்டிருங்க எண்டு சொன்னார். எங்கட தபேலா வாசிக்கிற தம்பிக்கு வயசு பதினஞ்சு. தபேலாவ மடியில வச்சபடியே கேட்டுக்கிட்டு இருந்தான், அந்த முகத்த எனக்குப் பாக்க ஏலாமப் போயிட்டு.

நான் கேக்கிறன், ஆர்மோனியம் எங்க பிறந்தது தெரியுமா? பாரிஸ்ல. 1840கள்ல அலெக்சாந்தர் டெபேன் எண்டவர் பேட்டண்ட் எடுத்த சாமான். காலால மிதிக்கிற அந்தப் பெட்டி இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவுல கையால துருத்தி அமத்துற மாதிரி மாறி, அப்படித்தான் நம்மட பாய்க்கு வந்தது. இன்னொண்டு கேளுங்க, ஆல் இந்தியா ரேடியோ 1940ல இருந்து 1971 வரைக்கும் ஆர்மோனியத்தத் தடை செஞ்சு வச்சிருந்தாங்க. ஏன்? அது வெள்ளக்காரன்ட வாத்தியம், நம்மட இசைக்கு ஒத்து வராதெண்டு. அங்க வெள்ளக்காரன்ட எண்டு தள்ளினாங்க, இங்க கோயில்ட எண்டு தள்ளுறாங்க. பெரிய தேவாலயங்கள்ல இருக்கிற ஓர்கன் இருக்கே, அது ரோமாபுரியில வாள்ச்சண்டை விளையாட்டு மைதானத்துல வாசிச்ச வாத்தியம். சேர்ச்சுக்குள்ள வந்தது எத்தினையோ நூறு வருசம் கழிச்சு. அத எடுத்து வெளிய போடுங்க எண்டு யாரும் மைக்குல சொல்லல்லயே?

பைபிள்ல 150ஆம் சங்கீதத்த எடுத்துப் பாருங்க. எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம், நடனமும் இருக்கு. ஒண்டையும் ஒதுக்கல்ல.

கீர்த்தனை ஆர்ட எண்டு சொன்னாரே, கிறிஸ்தவக் கீர்த்தனைகள் கட்டின வேதநாயக சாஸ்திரியார் 1774ல திருநெல்வேலியில பிறந்தவர், தஞ்சாவூர்ல சுவார்ட்ஸ் ஐயர் (பாதிரியாரத்தான் நாங்க ஐயர் எண்டுறது) எண்ட மிஷனரிட்ட படிச்சவர், குறவஞ்சி கட்டி அதுல கிறிஸ்துவப் பாடினவர். இருநூறு வருசமா தமிழ்க் கிறிஸ்தவங்க கீர்த்தனை பாடிக்கிட்டுத்தான் இருக்காங்க. எங்கட மட்டக்களப்புக்கு முதல் மெதடிஸ்த மிஷனரியா வில்லியம் ஓல்ட் ஐயர் வந்தது 1814ல, அடுத்த வருசமே இங்க இறந்திட்டார். அந்தக் காலத்துல தஞ்சாவூர்ல சாஸ்திரியார் பாடிக்கிட்டு இருந்தார். பிறகு எப்பிடி அது நம்மட அடையாளம் இல்லாமப் போகும்? கத்தோலிக்க ஆக்களப் பாருங்க, 1963ல வத்திக்கான் சங்கமே அந்தந்த நாட்டு மக்கள்ட இசைக்கு மரியாதை குடுங்க எண்டு எழுதி வச்சிட்டு. எங்கட ஊருப் பறங்கி ஆக்கள், போர்த்துக்கேய வழி வந்தவங்க, கல்யாணத்துல வயலின் வச்சு கஃப்ரிஞ்ஞா எண்ட ஆட்டம் ஆடுறாங்க, அவங்கள்ட விசுவாசம் குறைஞ்சு போச்சா?

கேள்வி கேக்கணும் எண்டா கேக்க வேண்டிய கேள்வி வேற இருக்கு. பழைய திருச்சபைப் பெரியவர் அகுஸ்தீன் 4ஆம் நூற்றாண்டு முடியிற காலத்துல எழுதினார், பாட்டுட வசனத்த விட ராகந்தான் என்னைக் கூட அசைக்குதோ, அப்பிடியெண்டா அது பிழையாச்சே எண்டு. எனக்கு அது பெரிய கேள்வி. கீர்த்தனைக்கும் பொருந்தும், கித்தாருக்கும் பொருந்தும். அடுத்தது, சனம் பாடுதா? மெதடிஸ்த சபையத் தொடக்கின ஜோன் வெஸ்லி 1761ல பாடுறதுக்குச் சட்டம் போட்டார், தைரியமாப் பாடுங்க, ஆனா மற்ற சபையார்ட குரலுக்கு மேல கத்தாதீங்க எண்டு. அண்டைக்கு அந்த டீம் ட்ரம்ஸ் அடிச்ச அடியில என்ட குரலே எனக்குக் கேக்கல்ல. பக்கத்துல நிண்ட அம்மம்மா வாயத் திறக்கவே இல்ல. எனக்கு அது பிடிக்காது, சுத்தமாப் பிடிக்காது. புதுப் பாட்டுகள் பிடிக்கும், நான் அழுது பாடுற புதுப் பாட்டுகள் இருக்கு, பிரச்சினை அதில்ல.

2022ல கரண்ட் இல்லாமக் கிடந்தமே ஞாபகமா? கீபோட் செத்துப் போச்சு, புரொஜெக்டர்ல பாட்டு வசனம் இல்ல. மெழுகுதிரி கொளுத்தி வச்சு, இதே ஆர்மோனியம், சனம் முழுக்க கீர்த்தனை நாலு சரணமும் பாடிச்சு, புத்தகம் பாக்காம. பின் வாங்கில இருந்தெல்லாம் குரல் வந்திச்சு. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு செத்தவீடுகள்ல நிண்ட ஆக்களுக்கும் தெரியும், அந்த நேரத்துல வாயில வந்தது சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின பாட்டுகள்தான்.

ஆ, சொல்ல மறந்திட்டன், அந்தத் தம்பி. நேத்து பயிற்சிக்கு வந்தான். நான் அவன்ட வீட்ட போய் அவன்ட அம்மாட்டயும் கதைச்சன். இந்த ஞாயிறு அவன்தான் வாசிக்கிறான், எங்கட ஐயரும் சரியெண்டிட்டார்.

இன்னொண்டும் மறந்திட்டன், ஆர்மோனியம் வச்சிருக்கிற ஆக்கள் வாசிச்சு முடிஞ்சா துருத்தியப் பூட்டி, துணி போத்தி, நிலத்துல வைக்காம உயரத்துல வையுங்க. ஐயா சொன்னது. மறுகா உங்கட வீட்டுல அம்மம்மா, அப்பப்பா கையால எழுதின கீர்த்தனைக் கொப்பி கிடந்தா, ராகம் தாளம் மேல எழுதியிருக்கும், அந்தப் பக்கத்த வடிவா போட்டோ எடுத்து அனுப்புங்க. கல்முனை, களுவாஞ்சிகுடி ஆக்கள் முக்கியமா. வாசிக்க ஏலுமானத நாங்க கொயரோட பழகி வீடியோ போடுறம்.