திறப்புவிழாவும் திறப்பும்

(யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டுவிழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் ஐயா, ஊர் உறவுகளே, வணக்கம்.

தொழில் செய்து முன்னுக்கு வந்தவர்கள் கொடையாளிகளாக மாறுவதைப் பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் தம்பி கேட்டார். வாசலில் கட்டிய பதாகையைப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. லண்டனில் கடைகள் வைத்திருக்கிற எங்களூர்ப் பிள்ளை இந்த வாசிகசாலைக்கு மேல்மாடி கட்டித்தர முன்வந்திருக்கிறார். நல்ல விஷயம். அவரைப் புகழ எனக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விடுகிறேன்.

ஸ்கொட்லாந்தில் ஒரு நெசவாளி வீட்டில் 1835இல் பிறந்தவர் அன்ட்ரூ கார்னகி. குடும்பத்தோடு அமெரிக்கா போய், பஞ்சாலையில் வாரம் 1 டொலர் 20 சதத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஊரில் அண்டர்சன் என்றொரு கேணல், சனிக்கிழமைகளில் தன் வீட்டுப் புத்தகங்களை வேலைசெய்கிற பொடியன்களுக்கு இரவல் கொடுப்பார். இருந்ததே 400 புத்தகம் அளவில்தான். அதை வாசித்த பொடியன் உருக்குத் தொழிலில் உச்சிக்குப் போனார். 1901இல் கம்பனியை 48 கோடி டொலருக்கு விற்றார். அவர் காசில் உலகத்தில் எழுந்த நூலகங்கள் 2,509.

இது பலருக்குத் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அவர் போட்ட நிபந்தனை. கட்டடத்துக்குக் காசு நான் தருகிறேன், காணியை ஊர் தரவேண்டும். அப்புறம், நான் தருகிற தொகையில் பத்திலொரு பங்கை வருஷா வருஷம் ஊரே ஒதுக்கவேண்டும்: புத்தகத்துக்கு, சம்பளத்துக்கு, விளக்குக்கு. சம்மதிக்காத ஊருக்கு நூலகம் இல்லை. வியாபாரி அல்லவா, கொடுக்கும்போதும் கணக்குப் பார்த்திருக்கிறார்!

வேண்டாம் என்ற ஊர்களும் உண்டு. 1892இல் ஹோம்ஸ்ரெட் ஆலையில் சம்பளக் குறைப்புக்கு இணங்காத தொழிலாளரை வெளியே விட்டுக் கதவைப் பூட்டியது இவருடைய கம்பனிதான். கூலிக் காவலாளிகளோடு நடந்த மோதலில் இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. எங்கள் சம்பளத்தில் வெட்டியதைப் புத்தகமாகத் தருகிறாரா என்று தொழிலாளர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கடையில் நிற்கிற பிள்ளைகளின் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டுத் திருவிழாவுக்கு உபயம் செய்கிறவர்களை நாமும் அறிவோம்தானே.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தில் நான் பொருளாளராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு தொழிலதிபர் 20 கொம்பியூட்டர், 2 ஏசி, கண்ணாடிக் கதவு எல்லாம் போட்டு அறையொன்றைத் தந்தார். திறப்புவிழாவுக்குத் தவில், நாதஸ்வரம், பொன்னாடை. கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் அவருடைய பெற்றோரின் பெயர். மூன்றாம் மாதம் கரண்ட் பில்லைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வைத்தேன். எல்லாரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். முதலில் ஏசியை நிற்பாட்டினோம், பிறகு அறையைப் பூட்டினோம். அடுத்த மாரியில் போய்ப் பார்த்தால் பெட்டிகளுக்குமேல் பொலித்தீன் உறை, உறைக்குமேல் தூசு, விசைப்பலகைக்குள் எறும்பு. அன்றைக்கு உள்ளே போவதற்கே அரைமணி நேரம் பூட்டின் திறப்பைத் தேடினோம். திறப்புவிழா நடந்த அறைக்குத் திறப்பு இல்லை! குற்றம் கொடுத்தவரில் இல்லை. வாங்கிய அன்றே பில்லை யார் கட்டுவது என்று பொருளாளர் கேட்டிருக்கவேண்டும்.

பெயர்க்கல்லை நான் குறைசொல்ல மாட்டேன். தீர்வையற்ற கடைகளால் செல்வந்தரான சக் பீனி என்ற அமெரிக்கர் 1984இல் தன் சொத்தில் பெரும்பங்கை இரகசியமாக அறக்கட்டளைக்கு எழுதிவிட்டு, 800 கோடி டொலர்வரை கொடுத்து முடித்தார். வாடகை வீட்டில் இருந்தவர், தன் பெயரைக் கட்டடங்களில் போட விடாதவர். எல்லாராலும் அப்படி இருக்க முடியாது. எங்கள் தெருவோரச் சுமைதாங்கிகள்கூட, வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக எழுந்தவைதான். மில்க்வைற் சவர்க்கார முதலாளி கனகராசா ஐயாவோ பனை நடச்சொல்லி ஊரைத் தூண்டியவர். கெட்டிக்காரர், பனைக்குக் கரண்ட் பில் வராது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு வித்திட்ட க. மு. செல்லப்பா முதலாளியே அல்லர், நீதிமன்ற உத்தியோகத்தர். 1933இல் தன் வீட்டில் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார். 1981இல் எரிந்தபோது அங்கே சுமார் 97,000 நூல்கள் இருந்தன. அவ்வளவையும் ஒருவர் தரவில்லை.

இப்போது எங்கள் மேல்மாடி. மதிப்பீடு 60 இலட்சம் என்கிறார்கள். கார்னகி கணக்கில் வருஷம் 6 இலட்சம் ஊர் போடவேண்டும். இங்கே 300 வீடு இருக்கிறது, ஆக வீட்டுக்கு 2,000 ரூபாய். மாதம் 170கூட வராது. லண்டன் தம்பிக்குக் கடிதம் எழுதும்போது காசு போடுகிற வீடுகளின் பட்டியலையும் சேர்த்து அனுப்புவோம். கணக்குக் கொப்பியைக் கொண்டுவாருங்கோ, முதல் வரியில் என் பெயரை எழுதுங்கோ. இந்தாங்கோ 2,000. பற்றுச்சீட்டு வேணும், தம்பி.