தவணையில் வாங்கிய மின்விசிறி

(பினாங்கு மாநிலம் பட்டர்வொர்த்தில், வாசகர் வட்டம் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, தொகுதி வேலைகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, நம் பிள்ளைகளின் பரிசளிப்புக்கு ஆண்டுதோறும் கேட்காமலேயே கைகொடுக்கும் டத்தோ அவர்களே, மண்டபம் தந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, மழையைப் பாராமல் பாலம் தாண்டித் தீவிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டி நம் எல்லாருக்கும் பசியாறல் தந்த மகளிர் பிரிவுச் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வளரும் நாடுகளில் எரிசக்தி, சனநாயகம், சிறுபான்மையினர் உரிமை. இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அணையும் மின்நிலையமும் ஏன் எளியவர் நிலத்தையே தேடிப் போகின்றன என்பது ஒன்று. கையில் ஓட்டு இருந்தும் அவர்களால் ஏன் தடுக்க முடிவதில்லை என்பது இரண்டு. அவரவர் ஊரிலேயே மின்சாரம் செய்துகொள்ளும் வழி மூன்றாவது.

முதல் கேள்விக்கு என் பாட்டி ஒரே வரியில் பதில் வைத்திருந்தார்: ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

அதை அவர் சொன்ன சூழ்நிலையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நான் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். சாயங்காலம் ஆறரைக்கு இன்ஜின் வீட்டில் டீசல் இன்ஜின் டபடபவென்று உதைக்கத் தொடங்கும். ஒன்பதரைக்கு நின்றுவிடும். நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு ஒருமுறை மங்கும், அதுதான் அறிவிப்பு. அம்மா அவசரமாகப் பாய் விரிப்பார். நான் புத்தகத்தோடு மண்ணெண்ணெய் விளக்கைத் தேடுவேன். துரை பங்களாவில் மட்டும் விடிய விடிய வெளிச்சம்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் தோட்டத்துக்குள் லாரிகள் வந்தன. பால் மரங்களை வெட்டிச் சாய்த்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கோடியை ஒட்டி இரும்புக் கோபுரங்கள் நட்டார்கள். கம்பி இழுத்த அன்று லயமே திரண்டு வேடிக்கை பார்த்தது. இனி நமக்கும் இருபத்துநாலு மணி நேரமும் கரண்டு என்று பக்கத்து வீட்டு அண்ணன் சுங்கைப்பட்டாணிக்குப் போய்த் தவணையில் ஒரு மேசை மின்விசிறியே வாங்கி வந்துவிட்டார். பொட்டு வைத்து, பூப்போட்ட துணியால் மூடி வைத்தார். அந்தத் துணி மூன்று வருடம் விலகவில்லை. தவணைப் பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. கம்பி பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் போனது, எங்களுக்கு இறங்கவில்லை. மழை இரவுகளில் அது இரையும் சத்தம் கேட்கும். பாட்டி அண்ணாந்து பார்த்து, "ஏன்டா, இது யார் வீட்டுக்குப் போகுது?" என்பார். பட்டணத்துக்கு பாட்டி என்பேன். "ஊருக்கு இளைத்தவன்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வெற்றிலையை மடிப்பார்.

அப்புறம் பொதுத்தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் தோட்டத்து ஓட்டு வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவுக்கு இருந்தது. ஓட்டுப் போடுவதற்கு முந்தின மாதம் கம்பம் வந்தது, மீட்டர் வந்தது. அண்ணன் மின்விசிறிக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார். நான் இன்றைக்கும் சனநாயகத்தை நம்புகிறேன் என்றால், அது சுற்றியதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான்.

சரி, எண்ணிக்கை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மலேசியத் தீபகற்பத்துப் பூர்வக்குடிகள் நாட்டு மக்கள்தொகையில் 1 விழுக்காடுகூட இல்லை. அவர்களில் ஒருவர் முதன்முதலாகத் தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனது 2019 ஜனவரியில், கேமரன் மலை இடைத்தேர்தலில். விடுதலைக்குப் பிறகு 61 ஆண்டுகள் ஆயின. அதற்குள் பேராவில் தெமெங்கோர் அணை எழும்பி, ஜஹாய், தெமியார் என்ற பூர்வக்குடி மக்கள் தங்கள் ஆற்றங்கரையை விட்டுப் போய்விட்டார்கள். போர்னியோ தீவில் உள்ள நம் சரவாக் மாநிலத்தில் 2,400 மெகாவாட் பாக்குன் அணைக்காக ஏறக்குறைய 10,000 பேர் சுங்கை ஆசாப்புக்குப் பெயர்ந்தார்கள். காயான், லஹானான், பெனான் முதலிய மக்கள். காடு முழுக்கத் தங்களுடையது என்று வாழ்ந்தவர்களுக்கு அங்கே குடும்பத்துக்கு 3 ஏக்கர்.

உலக அணைகள் ஆணையம் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், பெரிய அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் 4 கோடி முதல் 8 கோடி வரை என்று கணக்கிட்டது. ஒகோனி என்ற சிறுபான்மை மக்களின் மண்ணில் எண்ணெய் எடுத்து அதைப் பாழாக்கியதை எதிர்த்துப் பேசிய எழுத்தாளர் கென் சாரோ விவாவை நைஜீரிய ராணுவ ஆட்சி 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. காற்றாலையில் இந்தப் பாவம் இல்லை என்று நினைக்க வேண்டாம். கென்யா நாட்டில் துர்க்கானா ஏரிப் பக்கம் 365 காற்றாலைகள் நிற்கும் நிலத்துக்குப் பட்டா முறைப்படி வாங்கப்படவில்லை என்று 2021-இல் நீதிமன்றம் சொன்னது. ஆடு மாடு மேய்ப்பவர்களின் பூமி அது. எந்த நாடானாலும் ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டிதான்.

தடுத்தவர்களும் இருக்கிறார்கள். சரவாக்கில் பாராம் அணைக்கு எதிராக 2013 அக்டோபரில் மக்கள் சாலையில் குடில் போட்டு உட்கார்ந்தார்கள். முறை வைத்துச் சமைத்து, முறை வைத்துக் காவல் இருந்து, இரண்டு வருடத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. 2015-இல் முதலமைச்சர் அடெனான் சாத்தேம் திட்டத்தை நிறுத்திவைத்தார். அடுத்த ஆண்டு அணைக்காக எடுத்த நிலம் அவர்களுக்கே திரும்பியது.

ஆனால் ஒவ்வோர் ஊரும் இரண்டு வருடம் ரோட்டில் உட்கார முடியுமா? 1954-ஆம் ஆண்டுப் பூர்வக்குடி மக்கள் சட்டப்படி, அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தை மாநில அரசு நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தோட்டம் கைமாறியதும் லயத்தைக் காலி செய் என்று சொன்னபோது நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்று இந்த மண்டபத்தில் தெரியாதவர் யார்? பழங்குடி மக்களின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும் என்று சொல்லும் ஐ.நா. பிரகடனத்துக்கு 2007-இல் நம் நாடு ஆதரவாக வாக்களித்தது. அதை உள்நாட்டுச் சட்டமாக்குங்கள் என்பதுதான் எங்கள் மனு. அணை அறிக்கையை அந்த மக்களின் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். ஊர் கூடி ஒப்புக்கொண்டால் கட்டலாம், இல்லையென்றால் கூடாது. கிளந்தானில் தெமியார் மக்களின் நெங்கிரி ஆற்றில் 300 மெகாவாட் அணை இப்போது எழும்பிக்கொண்டிருப்பதால்தான் அவசரப்படுகிறேன்.

மூன்றாவது செய்திக்கு நேரம் இல்லை. பாக்குனுக்காக இடம்பெயர மறுத்த லோங் லாவென் ஊர்மக்கள் தங்கள் ஓடையிலேயே சிறு நீர்மின் நிலையம் அமைத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வாசலில் பச்சைத் துணி விரித்த மேசையில் அந்த மனுவின் படிவம் இருக்கிறது, மலாயிலும் தமிழிலும். மாண்புமிகு அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டும் என்று இந்தச் சபையின் முன் உரிமையோடு கேட்கிறேன். பேனா இரண்டுதான் இருக்கிறது, தயவுசெய்து வரிசையாக வாருங்கள். நன்றி, வணக்கம்.