உள்ளே ஓர் அங்குலம்

(வெள்ளவத்தையில் தையற்கலை மாணவியருக்குச் சான்றிதழ் வழங்கிய விழாவில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் ஆசிரியை அவர்களே, மங்கல விளக்கேற்றிய அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காலி வீதிப் புடைவைக்கடை முதலாளிமாரே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அறங்காவலர் சபையினரே, பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரே, சான்றிதழ் பெறும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய பெரியவர்கள் தங்கள் உரையைச் சுருக்கி எனக்கு நேரம் விட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

அழைப்பிதழில் என் தலைப்பு ‘மேடை நாகரிகமும் மணப்பெண் உடையும்’. வெட்டு, நிறம், நகைப் பொருத்தம் என மூன்றையும் பேச வேண்டும். வெட்டில் தொடங்குகிறேன்.

பாரிஸ், மிலான், நியூயோர்க் உடை அணிவகுப்பு மேடைகளில் அண்மைக் காலமாக என்ன நடக்கிறது? கம்பி வைத்து இடுப்பை இறுக்கும் கோர்செட் மேற்சட்டை திரும்ப வந்திருக்கிறது. முன்பக்கம் கூராகக் கீழிறங்கும் பாஸ்க் இடுப்பு வந்திருக்கிறது. கழற்றி மாட்டும் கைகள், சடங்கு முடிந்ததும் அவிழ்த்துவிடும் மேற்பாவாடை, துணியிலிருந்து எழும்பி நிற்கும் பூக்கள் எல்லாம் உண்டு. அந்தப் படங்களைக் கைபேசியில் வைத்துக்கொண்டுதான் பெண் வீட்டார் நம் கடைக்கு வருகிறார்கள். கூறைச் சேலைக்குக் கோர்செட் சட்டை கேட்கிறார்கள், மாலை வரவேற்புக்குப் பின்னால் நிலத்தில் இழுபடும் நீண்ட ட்ரெயில் வைத்த கவுண் கேட்கிறார்கள். கேட்கட்டும், அழகான உடைகள்தாம். ஆனால் மேடையில் நடப்பவள் நின்றபடி வந்து நின்றபடியே போகிறாள். நம் பெண் மணவறையில் மணிக்கணக்காக இருக்கிறாள், குனிகிறாள், பெரியவர்கள் காலில் விழுந்து எழும்புகிறாள். ஆகவே பிள்ளைகளே, நிற்கவைத்து அளவெடுத்த பிறகு இருக்கவைத்தும் அளவெடுங்கள். இருக்கும்போது இடுப்பும் இடைக்கீழும் ஓர் அங்குலமாவது, சிலருக்கு இரண்டு அங்குலம் கூடும். அளவுநாடாவை வைத்துப் பார்த்தால் தெரியும். பதறாத காரியம் சிதறாது.

கோர்செட்டுக்கு மலிவான பிளாஸ்டிக் பட்டி போட்டால் உடற்சூட்டில் இளகி, இடுப்பு மடிகிற இடத்தில் வளைந்துவிடும், பிறகு நிமிராது. சுருள் எஃகுக் கம்பி போடுங்கள். கம்பியின் முனை தையலுக்குக் கால் அங்குலம் முன்பே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துணியைத் துளைத்து வெளியே வரும். தோள் இல்லாத சட்டை வழுகுவதற்குச் சட்டை தொளதொளப்பாக இருப்பது மட்டும் காரணமல்ல. பாவாடையின் பாரமும் அதைக் கீழே இழுக்கிறது. உள்ளே இடுப்பைச் சுற்றி இழுபடாத தடித்த நாடா ஒன்றைப் பொருத்திக் கொக்கி போட்டால் பாரத்தை அது தாங்கும். லைனிங்குக்குக் கொழும்பு வெக்கையில் பொலியெஸ்டர் வேண்டாம். மெல்லிய பருத்தி வொயில் எடுத்து, நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் கழுவலில் லைனிங் சுருங்கி வெளித்துணி பொம்மென்று நிற்கும்.

உலகமே பார்த்த ஒரு கலியாணத்தைச் சொல்கிறேன். 1981 ஜூலை 29, லண்டன் சென் போல்ஸ் பேராலயம். டயானாவின் உடையைத் தைத்தவர்கள் டேவிட், எலிசபெத் இமானுவேல் தம்பதியர். தந்த நிறப் பட்டு டஃபெட்டா, பின்னால் 25 அடி ட்ரெயில். மணப்பெண் மெலிந்துகொண்டே போனதால் மேற்சட்டையைத் திரும்பத் திரும்பச் சரிப்படுத்தினார்கள். எல்லாம் செய்தார்கள். ஆனால் அந்த உடை எதற்குள் ஏறிப் போகப்போகிறது? கண்ணாடிக் குதிரை வண்டிக்குள்! வண்டிக்குள் மணப்பெண், பக்கத்தில் ஆகிருதியான தகப்பனார், மிச்ச இடத்தில் 25 அடித் துணி. டஃபெட்டா விறைப்பான துணி, மடிப்பு விழுந்தால் விழுந்ததுதான். வண்டிக் கதவு திறக்கிறது, துணி வருகிறது, வருகிறது, இன்னும் வருகிறது. உலகம் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறது, அரச குடும்பத்து மணப்பெண்ணின் உடையெல்லாம் சுருக்கம்! தைத்தவர்களே பேராலய வாசலில் இழுத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அரண்மனைக் கலியாணத்துக்கே அப்படியென்றால், வாடகைக் காரில் ஏறும் நம் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? காரில் ஏறி இறங்கிப் பாருங்கள். ட்ரெயிலின் அடியில் மூன்று முதல் ஐந்து கண்ணிகள் தைத்து, இடுப்பில் பொத்தான் வைத்துத் தூக்கிக் கட்ட வழி செய்யுங்கள். பதறாத காரியம் சிதறாது.

நிறத்துக்கு வருகிறேன். 1840இல் விக்டோரியா அரசி வெள்ளையில் மணம் முடித்ததிலிருந்தே அந்த வழக்கம் பரவியது. வெள்ளையிலும் தந்த நிறத்திலும் கைவியர்வை உடனே தெரியும். 2018இல் இளவரசர் ஹரியை மணந்த மேகனின் 5 மீற்றர் முக்காட்டில் பொதுநலவாய நாடுகளின் பூக்களைத் தைத்தவர்கள் அரை மணிக்கு ஒருதரம் கை கழுவினார்கள். அதில் நம் நாட்டு நீல அல்லியும் இருந்தது. ஆரி எனும் கொக்கி ஊசிப் பூவேலை செய்யும் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆரி என்றதும் நான் கேட்க வந்த விடயம் முன்னுக்கு வந்துவிட்டது, நகைப் பொருத்தத்தை இன்னொரு நாளைக்கு வைத்துவிட்டு அதை இப்போதே கேட்டுவிடுகிறேன்.

தையலுக்கு உள்ளே மிச்சத் துணி, அதாவது உள்துணி, விட்டுத் தையுங்கள்! ஆரிச் சட்டை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். தையலுக்கு உள்ளே கால் அங்குலம்கூட இருக்காது. விளிம்பு அடிக்கும் ஓவர்லொக் இயந்திரத்தின் கத்தி சீவியெறிந்திருக்கும். மணிவேலை தையற்கோடு வரை போயிருக்கும். அளவு கொடுத்த பிறகு பெண் மெலியலாம், பெருக்கலாம். குழந்தை பிறந்த பிறகு தங்கை கலியாணத்துக்கு அதையே போட விரும்பலாம். உள்ளே துணி இல்லாவிட்டால் அந்த விலைகூடிய சட்டை அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். பக்கத் தையலில் முன் துண்டு, பின் துண்டு, வலம், இடம் என நான்கு விளிம்பு. ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் விட்டு, கால் அங்குலத்தைத் தையலுக்குக் கழித்தால், தேவைப்படும்போது மூன்று அங்குலம் பெருப்பிக்கலாம். மணிவேலையைத் தையற்கோட்டுக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்துங்கள். ஊசியும் உடையாது, வெறும் துணி தெரிந்தாலும் கைக்கீழே மறைந்துவிடும். பட்டில் பழைய ஊசித்துளை தெரியும் என்பார்கள், உண்மைதான். அதனால்தான் போட்டுப் பார்க்கும்வரை மெல்லிய ஊசியால் கைநூலோட்டம் போடச் சொல்கிறேன். பதறாத காரியம் சிதறாது.

முதலாளிமாரிடம் என் வேண்டுகோள் இதுதான்: பற்றுச்சீட்டில் நெஞ்சு, இடுப்பு அளவுகளுக்குப் பக்கத்தில் ‘உள்துணி’ என்று ஒரு வரி அச்சடியுங்கள். மிஞ்சிய துணியை உடையோடு சேர்த்துக் கொடுங்கள். தாய்மாரே, உடை எடுக்கப் போகும்போது வெளிவேலையைப் பார்க்குமுன் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், ஓர் அங்குலம் இல்லையென்றால் மிச்சக் காசைக் கொடுக்குமுன் கேளுங்கள். மாணவியர் தைத்த சட்டைகள் வாசல் மேசையில் உள்பக்கம் வெளியே தெரியத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. போகும்போது தொட்டுப் பாருங்கள். வணக்கம்.